வெந்நீர்ச் சாதனம் வாங்கும் முன்...

மதுரையில் குடியிருப்போருக்கு வெந்நீர் எதற்கு என்று வெளியூர் நண்பர்கள் வேடிக்கையாகக் கேட்பதுண்டு. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இல்லாமலில்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் லுஹருக்கு உளூச் செய்யக் குழாயைத் திறந்தால், மொட்டை மாடித் தொட்டியில் வெயிலில் காய்ந்து கிடந்த தண்ணீர் கையைச் சுடுகிறது. ஆனால் கார்த்திகை பிறந்துவிட்டால் நிலை மாறிவிடுகிறது. மார்கழியிலும் தையிலும் வைகறைப் பொழுதில் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். குளிர்நாட்டாருக்கு இது குளிரே அன்று. எனினும், எழுபது வயதைக் கடந்து, மூட்டுவலியும் நீரிழிவும் உடைய ஒரு தாய் ஸுப்ஹுக்கு எழுந்து, இரவெல்லாம் பனியில் கிடந்த தொட்டித் தண்ணீரில் கால் கழுவும்போது முகம் சுளிப்பதைக் கண்ட பிள்ளைகள் அவ்வாறு வேடிக்கை பேசமாட்டார்கள்.

நம் பழைய வீடுகளில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. வீட்டின் பின்கட்டில், கிணற்றடியை ஒட்டி, செம்பினால் ஆன பாய்லர் ஒன்று நிற்கும். உருளை வடிவம், நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு குழல், அதன் அடியில் கங்கு தாங்கும் தட்டு, பக்கத்தில் ஒரு பித்தளைக் குழாய். சிரட்டையும் கருவேலங் கரியும் உள்ளே போட்டு மூட்டினால், குழலைச் சுற்றி நிற்கும் நீர் சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். மூன்று தலைமுறையினர் அதில் உளூச் செய்தும் குளித்தும் வந்துள்ளனர். இன்று நாம் வீட்டைப் புதுப்பிக்க முனைந்தால் முதலில் வெளியேறுவது அதுதான். பின்கட்டு குளியலறையாகிறது, கிணறு மூடப்படுகிறது, பாய்லர் பழைய பாத்திரக்காரரின் தராசில் ஏறுகிறது. அந்த இடத்தில் எதை வைப்பது என்ற கேள்வி, தரைக்கு எந்த டைல்ஸ் போடுவது என்ற கேள்விக்குச் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பெறுவதில்லை.

இங்கிலாந்தில் குடியேறிய நம் மக்களுக்கு ‘பாய்லர்’ என்றால் வேறு பொருள். அங்கே ஒரே பாய்லர் குளியலுக்கும் வெந்நீர் தரும். ஒவ்வோர் அறையின் சன்னலுக்குக் கீழும் பொருத்திய ரேடியேட்டர் என்னும் இரும்புத் தகடுகளுக்குள் வெந்நீரை ஓடவிட்டு வீட்டையும் கதகதப்பாக்கும். காஷ்மீரத்துப் பள்ளிவாசல்களில் ‘ஹமாம்’ என்று ஓர் அறை உண்டு. அதன் கற்றளத்துக்கு அடியில் விறகு எரித்துத் தளத்தையும், உளூவுக்கான நீரையும் சேர்த்தே சூடாக்குவர். மதுரைச் சமவெளிக்கு அறையைச் சூடாக்கும் தேவை எந்நாளும் இல்லை. சூட்டைத் தணிப்பதே நம் கவலை. ஆயினும் இங்கிலாந்தில் பின்பற்றப்படும் ஒரு முறை நமக்கும் பொருந்தும். அங்கே நல்ல பணியாளர் எவரும் கடைக்குப் போய்ப் பெரிய பாய்லரைப் பார்த்து வாங்குவதில்லை. வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை, சுவர் வழியே எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று கணக்கிட்ட பின்பே அளவைத் தீர்மானிப்பார்.

நான் அவ்வாறு செய்யவில்லை. கலைப்பட்டம் படித்து, மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் எனக்கு மின்சாரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கடைக்காரரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் பொறுப்பை விட்டுவிட்டேன். வீட்டைப் புதுப்பித்தபோது கீசர் ஒன்று வந்து, சுவரில் ஏறி, பழைய வயரிங்கோடு இணைக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. பின்பு ஒரு நாள் ஸுப்ஹுக்குப் பிறகு என் தாயார், “குழாயைத் தொட்டா எறும்பு கடிக்கிற மாதிரி இருக்குத்தா” என்றார்கள். நீரிழிவினால் வரும் மதமதப்பு என்று நினைத்து மருத்துவரிடம் மாத்திரை மாற்றி வாங்கி வந்தேன். மறு வாரம் என் மனைவியும் அதையே சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. வேறொரு எலக்ட்ரீஷியனை அழைத்துக் கழற்றிப் பார்த்தோம். எங்கள் போர்வெல் தண்ணீரின் உப்பு, உள்ளே இருந்த சூடேற்றும் கம்பியின் உறையை அரித்துத் துளையிட்டிருந்தது. மின்சாரம் தண்ணீருக்குள் கசிந்துகொண்டிருந்தது. அதைப் பூமிக்குள் இழுத்துச் செல்ல வேண்டிய எர்த் வயரோ, பிளக் மாட்டும் பெட்டியில் மூன்றாவது துளை இருந்தும், அதன் பின்னால் இல்லவே இல்லை! வெறும் துளை மட்டுமே இருந்தது. ஈரக்கையோடு, வெறுங்காலோடு, தனியே குளியலறைக்குள் நின்ற என் தாயாரை அல்லாஹ் காப்பாற்றினான் என்பதைத் தவிர வேறென்ன சொல்ல?

அதற்குப் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

யாருக்கு, எப்போது, எவ்வளவு?

முதலில் வீட்டில் வெந்நீர் யாருக்குத் தேவை என்று பாருங்கள். மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களில் வெந்நீர்ப் பருவம் ஏறத்தாழ மூன்று மாதங்களே. அந்த மூன்று மாதங்களிலும் இளைஞர்கள் பெரும்பாலும் பச்சைத் தண்ணீரிலேயே குளிப்பார்கள். முதியவர்கள், நோயாளிகள், பிள்ளை பெற்றவர்கள், கைக்குழந்தைகள் ஆகியோருக்கே அது அவசியம்.

உளூவுக்கு மட்டும் என்றால் ஒரு செலவில்லாத வழி இருக்கிறது. ஆழ்ந்த நிலத்தடி நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருப்பது. ஆகவேதான் மார்கழி வைகறையில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருப்பதாக நம் பெரியவர்கள் சொன்னார்கள். குளிர்வது தொட்டியில் நிற்கும் நீரே. கிணறோ போர்வெல்லோ உள்ள வீடுகளில், பாங்குக்குச் சற்று முன் மோட்டாரைப் போட்டு, புதிதாக ஏறும் தண்ணீரை ஒரு வாளியில் நேரே பிடித்துக்கொண்டால் பலருக்கு அதுவே போதும். இதைச் செய்து பார்த்த பின்பு சாதனம் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

குளிப்பதற்கு என்றால் கணக்கு எளிது. 18 லிட்டர் வாளித் தண்ணீரை 24 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ மூன்றில் ஒரு யூனிட் மின்சாரம் போதும். 15 லிட்டர் கீசரில் நீர் 60 டிகிரிக்குக் காய்ந்தால், அதில் பச்சைத் தண்ணீர் கலந்து இரண்டு வாளி குளியல் நீர் கிடைக்கும். 2,000 வாட் கருவிக்கு அதற்கு ஆகும் நேரம் இருபது நிமிடம். 25 லிட்டர் என்றால் மூன்று வாளி. ஆகவே, தாயும் தந்தையும் மட்டும் வெந்நீரில் குளிக்கும் வீட்டுக்கு 15 லிட்டரே தாராளம். பருவம் முழுவதற்கும் அறுபது யூனிட் அளவில்தான் செலவாகும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூவும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பும் நிறைவேற்றியதாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. ஸாஉ என்பது ஏறத்தாழ மூன்று லிட்டர். நாம் அந்த அளவுக்கு இறங்காவிட்டாலும், நால்வர் உள்ள வீட்டில் 50 லிட்டர் கீசரை மாட்டி, நாள் முழுவதும் சுவிட்சை அணைக்காமல் விடுவதற்கு நியாயம் ஏதுமில்லை.

கீசரின் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களைப் பற்றி ஒரு சொல். அந்த நட்சத்திரங்கள் தண்ணீர் எவ்வளவு விரைவில் காய்கிறது என்பதைக் காட்டுபவை அல்ல. காய்ந்த நீர் சும்மா நிற்கும்போது எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதற்கே அந்த மதிப்பு. குளிப்பதற்கு இருபது நிமிடம் முன்பு போட்டு, குளிக்குமுன் அணைக்கும் பழக்கமுள்ள வீட்டில் மூன்று நட்சத்திரத்துக்கும் ஐந்துக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். சேமிப்புக் கீசருக்கு உரிய இந்தியத் தரநிலை எண் 2082. முத்திரையோடு அந்த எண்ணையும் தேடிப் பாருங்கள்.

தண்ணீரும் வயரும்

வைகைத் தண்ணீர் வரும் வீட்டுக்கும், போர்வெல்லை நம்பியிருக்கும் வீட்டுக்கும் ஒரே கருவி ஒத்துவராது. குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு வழியில்லாதபோது 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தரநிலை கூறுகிறது. சோற்றுப் பானையில் வெண்மையாகப் படியும் வீடுகள் முதலில் தண்ணீரைச் சோதித்துக்கொள்வது நல்லது. 60 டிகிரிக்கு மேல் காய்ச்சினால் உப்புப் படிவது விரைவுபடும். படிந்த உப்பு கம்பியைப் போர்வைபோல் மூடி, சூடு நீருக்குப் போகாமல் தடுக்கும். கம்பி தன் சூட்டிலேயே கெடும். கண்ணாடிப் பூச்சுள்ள தொட்டி, அதற்குள் மெக்னீசியக் கம்பி ஆகிய இரண்டும் உள்ள கீசரைக் கேட்டு வாங்குங்கள். தொட்டியை அரிக்க வரும் நீர் முதலில் அந்த மெக்னீசியத்தைத் தின்று தீர்க்கும். அது தேய்ந்துவிட்டதா என்று ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். பருவம் தொடங்குமுன் ஐப்பசியில் செய்வது வசதி.

இனி வயர். 2,000 வாட் கீசர் 9 ஆம்பியர் அளவுக்கும், உடனுக்குடன் சூடாக்கும் 3,000 வாட் கருவி 13 ஆம்பியர் அளவுக்கும் மின்சாரம் இழுக்கும். மின்விசிறிக்கும் விளக்குக்கும் போட்ட பழைய வயரும், 5 ஆம்பியர் பிளக்கும் இதைத் தாங்கமாட்டா. மீட்டர்ப் பெட்டியிலிருந்து தனி வயர், தனி சுவிட்ச் வேண்டும். சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். எர்த் இணைப்பு உண்மையில் வேலை செய்கிறதா என்பதை எலக்ட்ரீஷியன் உங்கள் கண்முன்னே சோதித்துக் காட்டட்டும். “எல்லாம் இருக்கு பாய்” என்ற சொல்லை நான் ஒருமுறை நம்பியாயிற்று. அத்துடன் ஈ.எல்.சி.பி. எனப்படும் கசிவுத் தடுப்பானைப் பொருத்துங்கள். 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே அது இமைப்பொழுதில் இணைப்பைத் துண்டிக்கும். எங்கள் வீட்டில் எர்த்தும் அதுவும் இருந்திருந்தால் எறும்புக்கடி என்ற பேச்சே எழுந்திராது. டைல்ஸுக்குச் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகச் சிறிது.

வாளிக்குள் போடும் ஹீட்டர் ராடைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. அது விலை குறைவு. விடுதி மாணவர்களும் வாடகை வீட்டாரும் அதையே நம்பியிருக்கிறார்கள். இரும்பு வாளியில் போடாதீர்கள். பிளக்கைக் கழற்றாமல் தண்ணீரைத் தொட்டுப் பார்க்காதீர்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

வெயிலில் காயும் நீர் மக்ரூஹா?

மொட்டை மாடியில் சோலார் வெந்நீர்ச் சாதனம் வைக்கலாமே என்று எங்கள் வீட்டில் பேச்சு எழுந்தபோது, கீழக்கரையிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், “வெயிலில் காய்ந்த தண்ணீர் மக்ரூஹ் அல்லவா?” என்று கேட்டார். கேள்வி ஆதாரமற்றது அன்று. மதுரைப் பகுதியில் நம்மில் பெரும்பாலோர் ஹனஃபிகள். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகள். ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களில் ‘மாஉ முஷம்மஸ்’, அதாவது வெயிலால் சூடான நீர், தனியே பேசப்படுகிறது. வெப்ப நாட்டில், செம்பு, இரும்பு போன்ற அடித்து நீட்டத்தக்க உலோகப் பாத்திரத்தில் வெயிலால் சூடான நீரை, சூடு ஆறுமுன் உடலில் பயன்படுத்துவது மக்ரூஹ் என்பது அந்நூல்களில் காணப்படும் சட்டம். பொன்னும் வெள்ளியும் இதில் சேரா, மண்பாண்டமும் சேராது. துணி துவைப்பதற்குத் தடையில்லை.

இதற்குச் சொல்லப்பட்ட காரணம், அந்நீரால் தோலில் வெண்புள்ளி நோய் உண்டாகும் என்ற அச்சமே. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களே தமது ‘அல்உம்மு’ நூலில், மருத்துவ நோக்கில் அல்லாமல் தாம் இதை வெறுக்கவில்லை என்ற கருத்தைப் பதிந்துள்ளார்கள். இதுபற்றி ஆயிஷா (ரலி) அவர்களின் பெயரால் வரும் செய்தியை ஹதீஸ்கலை அறிஞர்கள் பலவீனமானது என்று ஒதுக்கியுள்ளனர். ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ஷாஃபிஈ மத்ஹபின் தூண்களில் ஒருவராக இருந்தும், ஆதாரத்தின் அடிப்படையில் இது மக்ரூஹ் அன்று என்ற கருத்தையே தேர்ந்தெடுத்தார்கள். உடலின் எதிர்ப்பாற்றல் தன் நிறமிச் செல்களையே தாக்குவதால் தோன்றுவது வெண்புள்ளி என்று இன்றைய மருத்துவம் விளக்குகிறது. அதற்கு நீரைக் காரணமாகச் சொல்வதில்லை. நெருப்பால் காய்ச்சிய நீரில் இந்தப் பேச்சே எழாது. உமர் (ரலி) அவர்களுக்கு நீர் காய்ச்சப்பட்டு, அதில் அவர்கள் குளித்ததாக அறிவிப்பு உள்ளது. மனம் இன்னும் ஒப்பாத ஷாஃபிஈ சகோதரர்கள் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும். எடுத்த எடுப்பிலேயே இதைக் கேலி செய்யும் இளைஞர்கள், முன்னோர் சட்டம் வகுக்கும்போது மக்களின் உடல்நலத்தை எவ்வளவு எண்ணிப் பார்த்தார்கள் என்பதைக் கவனிக்கட்டும்.

சட்டம் ஒருபுறமிருக்க, சோலார் நம் வீட்டுக்கு ஏற்றதா? கீசரைப்போல் இரண்டு மூன்று மடங்கு செலவாகும். மதுரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மேகம் மூடும்போது வெந்நீரும் குறையும். அதற்கு உதவியாக மின்கம்பியும் வைக்க வேண்டிவரும். மீதி ஒன்பது மாதம் யாரும் தீண்டாத வெந்நீர் மாடியில் வீணே கொதித்துக்கொண்டிருக்கும். ஆகவே இருவர் மட்டும் மூன்று மாதம் குளிக்கும் வீட்டுக்கு இது பொருந்தாது என்பது என் கருத்து. கூட்டுக் குடும்பம், ஆண்டு முழுவதும் வெந்நீர் தேவைப்படும் நோயாளி உள்ள இல்லம், மதரஸா விடுதி, மருத்துவமனை ஆகியவற்றுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. நாளெல்லாம் காய்ந்த நீர், சூடு வெளியேறாத தொட்டியில் தங்கி, தஹஜ்ஜுது நேரத்திலும் சூடாகவே கிடைக்கும்.

வாங்குவோர் இரண்டை மறக்க வேண்டாம். உப்புத் தண்ணீர் என்றால் மெல்லிய செம்புக் குழாய்கள் உள்ள தட்டை வகை அடைத்துக்கொள்ளும்; கண்ணாடிக் குழல் வகையே தாங்கும். அடுத்து, 200 லிட்டர் நீரின் எடையே 200 கிலோ. மரத்தூலம் போட்டுச் செங்கல் அடுக்கிய பழைய காரை மாடிகள் மதுரைத் தெருக்களில் இன்னும் பல உண்டு. கொத்தனாரிடம் கேட்காமல் அவற்றின்மீது எதையும் ஏற்றலாகாது.

மாடியிலிருந்து கீழே வரும் குழாயையும் எண்ணிப் பாருங்கள். முக்கால் அங்குலக் குழாய் 10 மீட்டர் நீளம் இருந்தால், அதற்குள் இரண்டரை முதல் மூன்று லிட்டர் ஆறிப்போன நீர் நிற்கும். ஒவ்வொரு முறையும் வெந்நீர் வரும்வரை அதைச் சாக்கடையில் விடுகிறோம். கிட்டத்தட்ட ஒரு ஸாஉ! ஆகவே வெந்நீர்க் குழாய் இயன்றவரை குட்டையாக இருக்கட்டும். கீழே ஒரு வாளி வைத்து அந்நீரைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெந்நீருக்குச் சி.பி.வி.சி. குழாய்தான் வேண்டும். சாதாரண பி.வி.சி. சூட்டில் இளகிவிடும். டைல்ஸ் ஒட்டிய பிறகு இதை அறிந்து பயனில்லை.

காஸ் கீசர்

மின்தடை நாட்களை எண்ணிச் சிலர் சமையல் எரிவாயுவில் இயங்கும் கீசரை விரும்புகிறார்கள். அதைக் குளியலறைக்குள் ஒருபோதும் மாட்டாதீர்கள். மூடிய அறையில் எரிவாயு எரிந்து காற்று குறையும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும் அது, முதலில் தலைச்சுற்றலாகவும் தலைவலியாகவும் தெரியும். பிறகு கதவைத் திறக்கும் வலுவும் போய்விடும். குளிர்காலந்தோறும் வடநாட்டு நகரங்களிலிருந்து இத்தகைய மரணச் செய்திகள் வருகின்றன. சன்னலைத் துணியால் மறைத்து, உள்ளே தாழிட்டு நெடுநேரம் குளிக்கும் நம் பெண்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். வெளிச்சுவரில், திறந்த வெளியில் பொருத்த இடமிருந்தால் வாங்கலாம், இல்லையேல் வேண்டாம். கரி பாய்லருக்கும் இதே விதிதான். அது திறந்த பின்கட்டில் நின்றவரை யாருக்கும் தீங்கு செய்யவில்லை.

நீரிழிவு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். கொதிக்கும் நீரில் கால் கழுவினாலும் சுடுவது தெரியாது; மறுநாள் கொப்புளத்தைப் பார்த்தே அறிவார்கள்; அந்தப் புண் ஆறுவது எளிதன்று. அளவு மீறிச் சூடான நீரில் உளூச் செய்வதை ஃபிக்ஹு நூல்களும் மக்ரூஹ் என்கின்றன. கீசரின் சூட்டை 55 முதல் 60 டிகிரிக்குள் நிறுத்துங்கள். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். காலை விட்டுப் பார்க்காமல் முழங்கையை நனைத்துப் பாருங்கள்; உணர்ச்சியுள்ள வேறொருவர் பார்ப்பது இன்னும் நல்லது.

எங்கள் வீட்டில் இப்போது இருப்பது 15 லிட்டர் கீசர். எர்த் புதிதாகத் தோண்டிப் போட்டோம், ஈ.எல்.சி.பி.யின் சோதனைப் பொத்தானை மாதத்துக்கு ஒருமுறை என் மகன் அமுக்கிப் பார்க்கிறான். பழைய செம்பு பாய்லரைத் தராசிலிருந்து மீட்டு, துலக்கி, கொல்லைப்புறத்தில் நிறுத்தியிருக்கிறோம். மின்சாரம் இல்லாத வைகறையிலும், வீடு நிறைய விருந்தினர் குளிக்கும் பெருநாள் காலையிலும் அதில் சிரட்டை எரிகிறது. கீசர்த் தண்ணீரைவிட அதன் தண்ணீர்தான் மேலுக்கு இதமாக இருக்கிறது என்பது என் தாயாரின் தீர்ப்பு. நான் மறுத்துப் பேசுவதில்லை.